செய்வித்தவர் பங்கு

எறும்பு மிதிபடாமல் நடக்கவும், நீரை வடிகட்டிப் பருகவும், கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கவும் நம் முன்னோர் நம்மைப் பழக்கியுள்ளனர். இப்பழக்கங்கள் யாவும் மனிதர் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் சென்ற காலத்தில் வகுக்கப்பட்டவை. இன்று நம் வீட்டு வாயிலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பல வீடுகளில் காரும் நிற்கிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள இரும்பை மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தும் ஆற்றல் இருபது வயது இளைஞன் கையில் இருக்கிறது. அந்தக் கை மதுவால் தடுமாறும்போது விளையும் இம்சை எத்தகையது, அதில் யார் யாருக்குப் பங்கு உண்டு என்பதை அறநூல்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘நம் சமூகத்தில் குடிப்பவர் ஏது? இவ்விதழில் இதை எழுதுவானேன்?’ என்று சிலர் கேட்கலாம். சாவகனுக்குரிய எட்டு மூலகுணங்களுள் மது நீக்கம் முன்னிற்பது உண்மையே. ஆயினும் நகரங்களில் படிக்கவும் பணிபுரியவும் சென்ற நம் பிள்ளைகள் எத்தகைய சூழலில் வாழ்கின்றனர் என்பதைப் பெற்றோர் அறிவர். திருமண வீட்டின் பின்புறத்தில் நடப்பதைக் கண்டும் காணாதவர் போல் இருந்துவிடுவதும் உண்டு. அன்றியும், மதுவை ஒரு துளியும் தீண்டாதவர்க்கும் இதில் பங்கு இருக்கக்கூடும். அந்தப் பங்கைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சட்டம் நிறுத்திய அளவு

முதலில் அரசின் சட்டம் சொல்வதைக் காண்போம். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வண்டியைச் செம்மையாக அடக்கி ஓட்ட இயலாத அளவுக்கு மதுவின் வயப்பட்டவனையே குற்றவாளி என்றது. அந்த அளவுக்கு அவன் மயங்கியிருந்தானா என்பது வழக்காடுவோரின் வாதத்திறனைப் பொறுத்ததாயிற்று. 1988-இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 185-ஆம் பிரிவில் இன்று ஓர் எண் நிற்கிறது. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சத்து இருக்க ஒருவன் வண்டி ஓட்டினால் அதுவே குற்றம். அவன் தள்ளாடினானா, நேராக நின்றானா என்ற கேள்வி எழுவதில்லை. இங்கிலாந்தில் இந்த அளவு 80 மில்லிகிராம், சுவீடனில் 20.

தண்டனையும் காலப்போக்கில் கடுமையாயிற்று. தொடக்கத்தில் முதற் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்பட்டன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தை 10,000 ரூபாய் ஆக்கியது. மீண்டும் அதே குற்றம் செய்தால் இரண்டாண்டு வரை சிறையோ, 15,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். தமிழ்நாட்டில் இந்த உயர்ந்த அபராதம் 2022 அக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. குற்றம் உறுதிப்பட்டால், ஓட்டும் தகுதியை ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீக்க வேண்டும் என்று 20-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குக் கட்டளையிடுகிறது. அந்த 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. இறந்தோர் 17,884 பேர். எல்லா விபத்துக்கும் மது காரணமன்று. எனினும் ஒரே ஆண்டில் ஒரே மாநிலத்தில் சாலையில் மடிந்த மனித உயிர்கள் இத்தனை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஒருவரும் சாகவில்லையே?

பிடிபட்டவர் பெரும்பாலும் சொல்லும் முதற் சமாதானம் இது: ‘நான் யாரையும் இடிக்கவில்லை. என் வழியே சென்றுகொண்டிருந்தேன். ஒரு தீங்கும் விளையாதபோது குற்றம் எங்கே வந்தது?’ உலக வழக்கில் இந்த வாதம் வலிமை உடையதாகவே தோன்றும். ஆனால் 185-ஆம் பிரிவு விபத்தை எதிர்பார்ப்பதில்லை. மதுவோடு வண்டியைச் செலுத்திய அந்தச் செயலிலேயே குற்றம் முடிந்துவிடுகிறது. இது நீதியா?

சமண அறநூல்கள் இக்கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டன. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிர் போனது என்ற நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பிரமாதம் உடையவனின் இயக்கம் என்பதை முதலில் வைத்து, உயிர்க்கேட்டை அதன் பின்னர் வைக்கிறது. புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திர சூரி இதை மேலும் தெளிவாக்குகிறார். விழிப்போடு நடப்பவன் காலடியில் அவனை அறியாமல் ஓர் உயிர் மடிந்தாலும் அவன் இம்சை செய்தவன் ஆகான். சோர்வோடு நடப்பவன் காலடியில் ஒன்றுமே மடியாவிட்டாலும் அவனிடம் இம்சை நிகழ்ந்தே விட்டது என்பது அவர் முடிபு. திரவிய இம்சை, பாவ இம்சை என்று நாம் பிரித்துப் பேசுவது இதனால்தான். குடித்து ஓட்டியும் பத்திரமாக வீடு சேர்ந்தவனுக்கும், அதே அளவு குடித்து வழியில் ஒரு குழந்தையை மோதியவனுக்கும் இடையே உள்ள வேறுபாடு, அந்த நேரத்தில் அந்தக் குழந்தை சாலையைக் கடந்ததா இல்லையா என்பது மட்டுமே. அந்த வேறுபாட்டில் இவனுடைய நற்குணம் எதுவும் இல்லை.

‘பிரமாதம்’ என்ற சொல்லின் கதியே சிந்திக்கத் தக்கது. நூல்களில் அது விழிப்பின்மை, அசட்டை, மறதி என்னும் பொருளது. பேச்சு வழக்கிலோ, நல்ல விருந்தைக் கண்டால் ‘பிரமாதம்’ என்று புகழ்கிறோம். அஞ்ச வேண்டியதற்கு இட்ட பெயர் பாராட்டுரையாக மாறிவிட்டது. மதுவும் அப்படித்தான் ஆயிற்று. வெட்கத்துக்குரியதாக இருந்தது இன்று கொண்டாட்டத்தின் அடையாளமாகிவிட்டது.

துறவியர்க்கு விதித்த ஈர்யா சமிதியையும் இங்கு நினைவுகூரலாம். பகல் ஒளியில், முன்னே ஒரு நுகத்தடி நீளம், அதாவது நான்கு முழத் தொலைவு நோக்கி அடி வைக்க வேண்டும் என்பது விதி. நடையின் வேகத்துக்கு அந்தத் தொலைவு போதும். உயிர் ஒன்று கண்ணில் பட்டால் காலை நிறுத்திவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. மது செய்யும் முதற் கேடு, கண் கண்டதைக் கை கால் அறிவதற்கு எடுக்கும் நேரத்தை நீட்டிவிடுவது. அரை விநாடி தாமதித்தால் எட்டு மீட்டர் வீணாயிற்று. நான்கு முழத்தில் நின்றுவிடக் கற்றுத்தந்த மரபில் வந்தவர், எட்டு மீட்டரைக் குருட்டாம்போக்கில் கடப்பதை எப்படிச் சிறிய பிழை என்று கொள்ள முடியும்?

வேண்டுமென்று செய்தானா?

இரண்டாவது சமாதானம் இன்னும் நுட்பமானது. ‘உயிர் போனது உண்மைதான். ஆனால் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லையே. போதையில் ஒன்றும் தெரியவில்லை’ என்பது அது. இல்லறத்தான் முழுமையாக நீக்க வேண்டியது சங்கல்ப இம்சை. சமையல், துப்புரவு முதலிய இல்வினைகளிலும், தொழிலிலும், தற்காப்பிலும் நேரும் மற்ற மூன்று வகை இம்சைகளை அவன் இயன்ற மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். குடித்து ஓட்டியதால் நேர்ந்த கொலை இந்நான்கில் எதைச் சேரும்? இது வீட்டு வேலையும் அன்று, பிழைப்புக்கான தொழிலும் அன்று, தற்காப்பும் அன்று. எஞ்சி நிற்பது சங்கல்பம் ஒன்றே. ஆனால் கொல்லும் எண்ணம் இல்லை என்கிறானே?

நாட்டின் நீதிமன்றங்களும் இதே முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. 2006 நவம்பர் 12-ஆம் நாள் விடியலில், மும்பை பாந்த்ராவில் கார்ட்டர் சாலை நடைபாதையில் சாலைப் பணித் தொழிலாளர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். இளைஞர் ஒருவர் ஓட்டி வந்த கார் அவர்கள்மேல் ஏறியது. ஏழு பேர் இறந்தனர். எட்டுப் பேர் காயமுற்றனர். ஓட்டியவர் இரத்தத்தில் இருந்த மதுச்சத்து சட்டத்தின் அளவைப் போல் மூன்று மடங்குக்கு மேல். கீழ் நீதிமன்றம் இதைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கொண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், மரணம் விளையக்கூடும் என்று அறிந்தே செய்த குற்றம் எனக் கொண்டு மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அந்த மூன்றாண்டும் குற்றத்தின் அளவுக்குக் குறைவே என்ற கருத்தையும் நீதிபதிகள் மறைக்கவில்லை.

இதற்கு அடிப்படையான விதி பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85, 86 ஆகிய பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையிலும் அது தொடர்கிறது. ஒருவனுக்கு அவன் அறியாமலோ, அவன் விருப்பத்துக்கு மாறாகவோ மது புகட்டப்பட்டு, அதனால் அவன் தன் செயலை உணரும் ஆற்றலையே இழந்திருந்தால் சட்டம் அவனுக்கு இரங்கும். தானே விரும்பிக் குடித்தவனுக்கு, தெளிந்த நிலையில் என்ன அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவு இருந்ததாகவே கொள்ளப்படும். ‘தெரியவில்லை’ என்ற வாயில் அவனுக்கு அடைபடுகிறது.

அறநூலின் நோக்கும் இதுவே. சங்கல்பம் தோன்றிய கணத்தைத் தேடும்போது நாம் தவறான இடத்தில் தேடுகிறோம். மோதிய கணத்தில் அவனிடம் எண்ணமே இல்லை, இருக்கவும் இயலாது. சட்டைப் பையில் வண்டிச் சாவி இருக்க, வீடு திரும்பும் வழி அவன் கையில் இருக்க, முதற் கோப்பையை எடுத்தானே, அந்தக் கணத்தில் அவன் தெளிந்திருந்தான். அங்கேதான் சங்கல்பம் நிகழ்ந்தது. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்னும் மூன்று படிகளைச் சம்ரம்பம், சமாரம்பம், ஆரம்பம் என்று நூல்கள் பிரித்துக் கூறும். சாலையில் நடந்தது மூன்றாம் படி. முதலிரண்டும் விருந்துக் கூடத்திலேயே முடிந்துவிட்டன.

கழுகுமலை கற்பிப்பது

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். குடித்தவனும் ஓட்டியவனும் ஒருவன். அவனுக்கு அருகில் இருந்தவர்க்கு என்ன பங்கு?

கோவில்பட்டியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில், கரிசல் காட்டின் நடுவே உயர்ந்து நிற்கும் கழுகுமலையை நம்மவர் பலர் தரிசித்திருப்பர். அரைமலை என்று பழங்கல்வெட்டுகள் குறிக்கும் அக்குன்றின் பாறையில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலமான எட்டாம் நூற்றாண்டிலும் அதையொட்டிய காலத்திலும் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்துள்ளன. பாகுபலியும், பார்சுவநாதரும், அம்பிகை, பத்மாவதி ஆகிய யட்சியரும் அங்கு உள்ளனர். உருவங்களின் கீழ் வட்டெழுத்தில் ஏறத்தாழ நூறு சிறு கல்வெட்டுகள் காணப்படுகின்றன. தச்சர், கொல்லர், குயவர் முதலிய உழைப்பாளிகளும், பல ஊர்களிலிருந்து வந்த குரவர்களும் குரத்தியர்களும் அவற்றில் பெயர் பெற்றுள்ளனர்.

அக்கல்வெட்டுகளில் ஒரு நுட்பம் உண்டு. இன்னார் ‘செய்வித்த’ திருமேனி என்னும் பொருள்படவே அவை பலவும் அமைந்துள்ளன. உளி பிடித்துப் பாறையோடு போராடியவன் சிற்பி. பெயர் பொறிக்கப்பட்டது செய்வித்தவர்க்கு. இதை எவரும் அநீதி என்று எண்ணவில்லை. செய்தலைப் போலவே செய்வித்தலும் ஒரு வினை, அதன் பயன் செய்வித்தவரைச் சேரும் என்று அந்தக் குயவரும் கொல்லரும் குரத்தியரும் உறுதியாக நம்பினர். தம் தாயின் நன்மைக்காக, ஆசிரியரின் நன்மைக்காக என்று பிறர் பொருட்டும் நம் மரபினர் செய்வித்துள்ளனர்.

நல்வினைக்கு இந்தக் கணக்கை மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளும் நாம், தீவினைக்கும் இதையே ஏற்கக் கடமைப்பட்டவர்கள். கிருதம், காரிதம், அனுமோதனம் என்று நூல்கள் கூறுவது இதுதான். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு பெருகி ஒன்பதாகும். மேலே கண்ட மூன்று படிகளோடும் நான்கு கஷாயங்களோடும் பெருகி நூற்றெட்டாகும். ஜபமாலையின் நூற்றெட்டு மணிகளுக்கு இப்படியும் பொருள் கூறுவர். ஒவ்வொரு மணியும் வினை புகும் ஒரு வாயிலை நினைவூட்டுகிறது. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு, நாம் நேரில் செய்யாத செயல்களால் திறக்கும் வாயில்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு இதே கருத்தைத் தன் மொழியில் சொல்கிறது. குடித்து ஓட்டும் குற்றத்துக்குத் தூண்டுதலாகவோ துணையாகவோ இருந்தவருக்கும், ஓட்டியவருக்கு உரிய தண்டனையே உண்டு. 2022-இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்வோர்மீதும் இப்பிரிவின்படி வழக்குத் தொடுக்கப்படும் என்று அறிவித்தது. அப்போது பலர் வியப்படைந்தனர். ஜப்பான் நாடு 2007-லேயே சட்டத்தைத் திருத்தி, ஓட்டப் போகிறவர்க்கு மது அளித்தவர், குடித்தவர்க்கு வண்டி கொடுத்தவர், தெரிந்தே அதில் ஏறிச் சென்றவர் ஆகிய மூவரையும் தண்டனைக்கு உட்படுத்தியது. முந்திய ஆண்டு ஃபுகுவோகாவில் குடித்தவர் ஓட்டிய கார் மோதி, ஒரு குடும்பத்தின் காரைப் பாலத்திலிருந்து கடலில் தள்ளியது. அதில் மூன்று குழந்தைகள் மாண்டனர். அத்துயரமே அந்நாட்டு மக்களை உலுக்கி இத்திருத்தத்துக்கு வழி செய்தது.

இல்லறத்தானுக்குரிய குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதத்தைச் சிறிது கூர்ந்து நோக்கினால், இந்த மூவரும் அங்கே முன்பே இடம்பெற்றிருப்பதைக் காணலாம். பயனின்றி உயிர்களைத் துன்புறுத்தும் ஐந்து வகைகளுள் இம்சாதானம் ஒன்று. கத்தி, கோடரி, நஞ்சு முதலிய கொலைக் கருவிகளைப் பிறர்க்கு எடுத்துக் கொடுப்பது அது. பிரமாத சரியை மற்றொன்று. மதுவுண்டவன் கையில் வண்டிச் சாவியைக் கொடுப்பது இவ்விரண்டும் சேர்ந்த செயல். ‘பத்திரமாகப் போய்வா, தம்பி’ என்று வாயால் வாழ்த்திக்கொண்டே கையால் சாவியை நீட்டுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாத்திரை வேனும் நம் பொறுப்பும்

கழுகுமலை யாத்திரையையே உதாரணமாகக் கொள்வோம். திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பகுதிகளிலிருந்து புறப்படும் நம் குடும்பத்தார், மதுரையைச் சூழ்ந்த சமணக் குன்றுகள், கழுகுமலை, சிதறால் என்று மூன்று நாளில் தரிசித்துத் திரும்ப வேண்டும் என்று திட்டமிடுகின்றனர். கழுகுமலைக்கு மட்டுமே ஒரு வழிப் பயணம் நானூறு கிலோமீட்டருக்கு மேல். வாடகை வேன் ஒன்று, ஓட்டுநர் ஒருவர். பகலெல்லாம் தரிசனம், இரவெல்லாம் ஓட்டம். நாம் பின்னிருக்கையில் உறங்குகிறோம், அவர் விழித்திருக்கிறார். மூன்றாம் இரவில் அவர் களைப்புத் தீர எங்கேனும் ஒதுங்கி ஒரு குவளை அருந்திவிட்டு வந்தால், ‘ஓட்டுநர்கள் அப்படித்தான்’ என்று சொல்லிப் பேட்டாவைக் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இங்கே குடித்தவர் அவர். மூன்று நாள் பயணத்தை ஓய்வின்றித் திட்டமிட்டவர் யார்? மது வாடை வீசியதை அறிந்தும், மற்றொரு நாள் வாடகையை எண்ணி வாய்திறவாதிருந்தவர் யார்? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வேலை நேரத்துக்கு வரம்பு காட்டியது. பிரமாதம் பதினைந்தில் நித்திரையும் ஒன்று என்பதை நம் நூல்களும் சொல்கின்றன. மூச்சைப் பரிசோதிக்கும் கருவி மதுவை மட்டுமே காட்டும். உறக்கத்தைக் காட்டும் கருவி காவலரிடம் இல்லை. அந்த இடத்தில் சட்டம் நின்றுவிடுகிறது. அறம் நிற்பதில்லை.

விடியுமுன் அந்தக் கரிசல் சாலைகளில் யார் யார் நடக்கின்றனர் என்பதையும் எண்ண வேண்டும். தீப்பெட்டித் தொழிலுக்குச் செல்லும் பெண்கள், ஆட்டு மந்தையை ஓட்டிச் செல்லும் முதியவர், பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் சிறுவர். இவர்களோடு, சட்டத்தின் ஏட்டில் பெரும்பாலும் இடம்பெறாத நாயும் பாம்பும் ஆட்டுக்குட்டியும் அதே சாலையைக் கடக்கின்றன. தீர்த்தங்கரர் திருமேனியைத் தரிசித்துத் திரும்பும் வண்டியின் சக்கரம் அவற்றின்மேல் ஏறுமானால், பெற்ற புண்ணியம் எந்தக் கணக்கில் நிற்கும்?

ஒரு மறுப்பும் அதன் விடையும்

‘உடனிருந்தவரையெல்லாம் குற்றவாளி ஆக்குவது அநீதி அன்றோ?’ என்று நல்லெண்ணம் உடையோர் கேட்பர். குடித்த கணவனைத் தடுத்தால் அடி விழும் என்று அஞ்சி, இரவில் வேறு வழியின்றி அவன் பின்னால் அமர்ந்து செல்லும் பெண் இருக்கிறாள். ஓட்டுபவர் குடித்ததையே அறியாத முதியவர் இருக்கிறார். இவர்களையும் தண்டிப்பதா? இம்மறுப்பில் உண்மை உள்ளது. சட்டத்தின்படியும் வெறுமனே உடனிருத்தல் துணைபுரிதல் ஆகிவிடாது. தூண்டியிருக்க வேண்டும், அல்லது அறிந்து உதவியிருக்க வேண்டும். அபராதச் சீட்டு எழுதும் அவசரத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடக் கூடாது.

அறநூல் இவ்விடத்தில் சட்டத்தினும் நுட்பமானது. அனுமோதனம் என்பது மனத்தின் இசைவு. இசைவு இல்லாதவரிடம் அது இல்லை. அஞ்சி அமர்ந்த அந்தப் பெண்ணின் மனம் இசையவில்லை. அவளுக்கு வேண்டியது நம் துணையே அன்றித் தண்டனை அன்று. ஆனால் அதே விருந்தில், தடுக்கும் வலிமையும் உரிமையும் பெற்ற தந்தையோ, மாமனோ, மூத்த நண்பனோ, ‘சின்னஞ்சிறுசு, ஒருநாள் கூத்து’ என்று சிரித்துவிட்டுச் சென்றால், அந்தச் சிரிப்பில் முழு அனுமோதனமும் அடங்கியிருக்கிறது. எந்தக் காவலரும் அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. வினை தொடுக்கும்.

இதே அளவுகோலை அரசின்மீதும் வைத்துப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனத்தின் கையில் உள்ளது. ஒரு கை விற்கிறது. மறு கை அபராதம் எழுதுகிறது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கிலேயே அத்தீர்ப்பு பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 2017-இல் சிற்றூர்களுக்கு அத்தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைகளுக்கு விலக்கும் கிடைத்தது. ஆயினும் அரசைக் குறைகூறுமுன், நம் கட்டடங்களுள் ஏதேனும் மதுக்கடைக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறதா என்று நாம் பார்த்துக்கொள்வது முறை. மது வாணிபம் நமக்கு விலக்கப்பட்ட தொழில். அதற்குக் கூரை தருவது அத்தொழிலின் மற்றொரு பெயர்.

அபராதமும் பிராயச்சித்தமும்

இறுதியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. பத்தாயிரம் ரூபாய் கட்டியவன் கணக்கு தீர்ந்ததா?

அந்தத் தொகை தினக்கூலி பெறுவோனுக்குப் பல வார உழைப்பு. செல்வனுக்கு ஓர் இரவு விருந்தின் செலவு. பின்லாந்து நாட்டில் இத்தகைய அபராதத்தை அவரவர் வருவாய்க்கு ஏற்பக் கணக்கிடுகின்றனர். அது நீதிக்குச் சிறிது நெருங்கிய முறை. எப்படியாயினும் அபராதம் என்பது அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையே தீரும் வழக்கு. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்பட்ட கார் மோதி இளம் பொறியாளர் இருவர் இறந்தபோது, சிறார் நீதிக் குழுமம் பிணைக்கு விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுவது. நாடே கொதித்தது. இரண்டு உயிர்களுக்கு ஈடாக ஒரு பள்ளிப் பாடமா என்று மக்கள் கேட்டனர். 1999-இல் தில்லியில் ஆறு உயிர்களைப் பலிகொண்ட மற்றொரு வழக்கில், 2012-இல் உச்ச நீதிமன்றம், அனுபவித்த இரண்டாண்டுச் சிறையோடு ஐம்பது லட்சம் ரூபாயும் இரண்டாண்டுச் சமூகப் பணியும் விதித்தது. அப்போதும், பணத்தால் சிறைக்காலம் குறையலாமா என்ற வாதம் எழுந்தது.

பிராயச்சித்தம் வேறு தன்மையது. ஆலோசனை, பிரதிக்கிரமணம் என்று அதன் முதற் படிகள் தொடங்குகின்றன: செய்ததை மறைக்காமல் குருவின்முன் எடுத்துரைத்தல், அது தீது என்று மனமார உணர்ந்து பின்வாங்குதல். புனே வழக்கில் இரத்த மாதிரியை மாற்றி உண்மையை மறைக்க முயன்றதாகப் பெற்றோர்மீதும் மருத்துவர்மீதும் காவல்துறை குற்றம் சாட்டியது. அது மெய்யாயின், மகனுக்குப் பிராயச்சித்தத்தின் முதல் வாயிலையே அடைப்பதற்குப் பெற்றோர் முயன்றனர் என்றே சொல்ல வேண்டும். பிள்ளைப் பாசத்தால் பிள்ளைக்குச் செய்யக்கூடிய கேடு இதனினும் பெரிதில்லை.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. யாத்திரைக்கு வேன் பேசும்போது நெடும்பயணத்துக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்று சொல்லி அதற்கான வாடகையைக் கொடுக்கலாம். சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் நாம், அத்தோடு பயணத்தையும் முடித்துக்கொண்டு, நமக்குப் படுக்க இடம் தேடும்போது ஓட்டுநருக்கும் படுக்க இடமும் உணவும் தேடலாம். மது வாடை தெரிந்தால் எவ்வளவு தாமதமானாலும் வண்டியில் ஏறுவதில்லை என்று ஒரு குடும்பமாக உறுதி கொள்ளலாம். ‘அப்பா, நான் குடித்துவிட்டேன், என்னை வந்து அழைத்துப் போங்கள்’ என்று நள்ளிரவில் தொலைபேசியில் சொல்லும் துணிவு மகனுக்கு வரும்படி வீட்டை வைத்துக்கொள்ளலாம். அந்த இரவில் அழைத்து வருவது முதற் கடமை. கண்டிப்பதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம். மகன் அப்படி அழைக்க அஞ்சும் வீட்டில், அவன் தனியே ஓட்டி வரும் அந்தப் பயணத்துக்கு நாமும் காரிதர் ஆகிறோம்.

அணுவிரதம் என்பது சிறிய விரதம். சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் ஒரு கையளவே அதன் அளவு. அந்தக் கை நீளாத இடத்தில், நம் அகிம்சை வாய்ச்சொல்லாக நின்றுவிடும்.